உணவுக் குழாய்ப் புற்றும் நிணநீர்க் கணுக்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாய்மாமனார்க்கு உணவுக் குழாயிற் புற்றுநோய் கண்டது. வெற்றிலையும் புகையிலையும் ஐம்பதாண்டு வாயினின்று நீங்காத மனிதர் அவர். சோறு இறங்கவில்லை என்று தொடங்கி, பின்னர் இடியப்பமும் இறங்காமற் போய், ஈற்றிற் கஞ்சியும் நெஞ்சில் நிற்கத் தொடங்கிய பின்னரே வைத்தியரிடஞ் சென்றார். ஐந்து கிழமை மருந்தும் கதிரும் பெற்றபின் அவர்க்குச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அகற்றிய உறுப்பினைச் சோதித்த நோயியலாளரின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அகற்றப்பட்ட நிணநீர்க் கணுக்கள் 27. அவற்றுள் நோயுள்ளவை 2. அவ்வரியைத் தமிழிற் பெயர்த்து யான் சொன்னதும் மாமனார் கேட்டார்: "அப்ப, மற்ற இருபத்தைஞ்சையும் ஏன் தம்பி எடுத்தவை?"

யான் வைத்தியன் அல்லேன்; மேல்வகுப்பு மாணவர்க்கு அளவையியல் கற்பிக்கும் ஆசிரியன். அன்று ஏதோ சமாதானஞ் சொல்லி அவரைத் தேற்றினேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டபாடில்லை. நூல்களையும் வைத்திய சஞ்சிகைகளையும் தேடிப் படித்தபோது, என் மாமனார் கேட்ட வினாவையே உலகின் பெருஞ் சத்திரவைத்தியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம்முட் கேட்டு வருகின்றனர் என்று கண்டேன். அவர்கள் விடைகாண முயன்ற வழியில், வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதிக் காட்டும் அனுமானப் பிழைகள் உயிருள்ள மனிதர்மேற் செயற்படுவதையும் கண்டேன். அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

உணவுக் குழாயைப் பாடநூல்கள் களம் என்று வழங்கும். கழுத்தில் தொண்டையின் முடிவிலே தொடங்கி, வாதனாளிக்கும் இருதயத்துக்கும் பின்னாகவும் முள்ளந்தண்டுக்கு முன்னாகவும் இறங்கி, பிரிமென்றகட்டைத் துளைத்து இரைப்பையை அடையும் இக்குழாய் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமுடையது. ஒரு சாண் அளவினதாகிய இவ்வுறுப்பு கழுத்து, மார்பு, வயிறு ஆகிய மூன்று தேசங்களையும் கடந்து செல்கின்றது. பின்னர் நிகழ்ந்த வாதங்கள் பலவற்றிற்கும் இதுவே மூலம். இரைப்பையையும் குடலையும் வெளிப்புறத்தே போர்த்திருக்கும் மெல்லிய சவ்வுறை மார்பிலுள்ள இக்குழாய்க்கு இல்லை. ஆதலின், சுவரைத் துளைத்து வெளிவரும் புற்றுக்குத் தடை யாதுமின்றி அயலுறுப்புக்கள் எதிர்ப்படுகின்றன.

இனி, நிணநீர் என்பது யாது? குருதி மயிர்த்துளைக் குழாய்களினின்று கசிந்து இழையங்களை நனைக்கும் நீரிலே ஒரு பங்கு மீண்டுங் குருதிக்குள் நேரே புகாது வேறு மெல்லிய குழாய்களாற் சேர்க்கப்படுகின்றது. அந்நீரே நிணநீர். அது செல்லும் வழியிலே அவரைவிதை போன்ற சிறு கணுக்கள் ஆங்காங்கு அமைந்துள. உடல் முழுவதிலும் இவை அறுநூறு அளவில் உள்ளன என்பர். கிருமிகளையும் பிறழ்ந்த கலங்களையும் இவை மறித்துப் பிடிக்கும். வடிக்கப்பட்ட நீர் பெரும்பாலும் நெஞ்சறைக் கான் என்னும் குழாய்வழி மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியிலே பெருநாளமொன்றினுட் கலக்கின்றது.

1622 ஆம் ஆண்டிலே இத்தாலியரான அசெல்லி, நன்கு உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது, குடலினின்று வரும் நூல் போன்ற வெண்குழாய்களைக் கண்டார். ஒன்றைக் கீறப் பால் போன்ற நீர் வடிந்தது. அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1627 இலேயே வெளிவந்தது. நெஞ்சறைக் கானைப் பிரான்சியரான பெக்கே 1651 இல் விவரித்தார். பழந்தமிழில் நிணம் என்பது கொழுப்பையும் ஊனையும் குறிக்குஞ் சொல். குடலிற் கொழுப்பைச் சுமந்து வெண்ணிறமாய் வரும் இந்நீருக்கு நிணநீர் எனப் பெயரிட்டவர் எவராயினும் அவர் தமிழும் உடலியலும் ஒருங்கறிந்தவராதல் வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, அங்காதிபாதம் முதலிய நூல்களை ஆக்குவித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியரை, அவ்வறிக்கையோடு தடுமாறிய அன்று யான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

புற்றுக் கலங்கள் தோன்றிய இடத்திலே நில்லாது நிணநீரோடு கலந்து கணுக்களைச் சென்றடைகின்றன. இஃது எல்லாப் புற்றுக்கும் பொது. ஆயின் உணவுக் குழாய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஏனைய குடலுறுப்புக்களிற் போலன்றி, இதன் உட்படையிலேயே நிணநீர்க் குழாய்கள் செறிந்துள்ளன. அன்றியும் அவை சுவரைக் குறுக்கே கடந்து அண்மையிலுள்ள கணுவை அடைவதிலும், குழாயின் நீளப்போக்கில் மேலுங் கீழுமாக ஓடுவதே மிகுதி. ஆகவே நடுமார்பில் தோன்றிய புற்றின் கலங்கள் அயலிலுள்ள கணுக்களைத் தாண்டிக் கழுத்திலோ மேல்வயிற்றிலோ போய்த் தங்குதல் கூடும். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு மூன்றாங் குறிச்சிக்குப் போகும் கள்வனை ஒக்கும் இது. இடப்பக்கக் காறையெலும்பின் மேலாகத் தடிக்கும் கணு உள்ளுறுப்புப் புற்றின் அறிகுறியாதலை வேர்க்கோ என்னும் சேர்மானியர் 1848 இலேயே குறித்துள்ளார்.

எத்தனை கணுக்களில் நோய் உண்டு என்பதே இந்நோயாளரின் எதிர்காலத்தைக் கூறும் குறிகளுள் முதன்மையானது. 2010 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அனைத்துலகப் பகுப்பு, நோயுற்ற கணு ஒன்று அல்லது இரண்டாயின் ஒரு தரமும், மூன்று முதல் ஆறாயின் மற்றொரு தரமும், ஏழும் அதற்கு மேலுமாயின் வேறொரு தரமுமாக வகுத்தது. என் மாமனார் முதற்றரத்திற் சேர்ந்தார். அறிக்கையிலிருந்த 2 என்னும் எண்ணுக்கு அத்துணைப் பொருள் உண்டென்பது அன்று எமக்குத் தெரியாது.

இச்சத்திரசிகிச்சையின் வரலாறு துணிவும் துயரும் கலந்தது. 1913 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆந் திகதி, நியூயோர்க்கிலே பிரான்சு தோரெக் என்பவர் 67 வயதான ஒரு மாதின் மார்பைத் திறந்து, புற்றுக் கொண்ட உணவுக் குழாயை அகற்றினார். எஞ்சிய மேற்பகுதியை இரைப்பையோடு இணைக்க அவர் முயன்றிலர். கழுத்தில் ஒரு துளையும் வயிற்றில் ஒரு துளையும் அமைத்து இரண்டினையும் உடம்பின் வெளியே ஓர் இறப்பர்க் குழாயால் தொடுத்தார். அம்மாது அக்குழாய் வழியே உண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உயிர் வாழ்ந்தார். பின்வந்தோர் பல்லாண்டு முயன்றும் அவ்வெற்றியை எளிதில் எட்டினாரல்லர். 1933 இல் கியோட்டோவைச் சேர்ந்த ஓசாவா, இரைப்பையை மார்பினுள் மேலே கொணர்ந்து இணைத்த நோயாளர் பலரைப் பற்றி எழுதினார். 1946 இல் ஐவர் லூயிசு என்னும் வேல்சு நாட்டுச் சத்திரவைத்தியர், முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையை விடுவித்து, பின்னர் வலப்பக்க மார்பின் வழியே உணவுக் குழாயை அணுகும் முறையை விளக்கினார். இடப்பக்கத்திற் பெருநாடியின் வில் குறுக்கே நிற்பதால் வலப்பக்கமே வசதி என்பது அவர் கண்ட உண்மை. இன்றும் அவர் பெயராலேயே அம்முறை வழங்குகின்றது.

ஆயினும் 1980 இல் ஏர்லாம், குன்யா மெலோ என்னும் இருவர் 122 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து நோக்கி வெளியிட்ட கணக்கைப் படிப்போர் மனங் கலங்குவர். செதிட்கலப் புற்றுடையார் நூறு பேரை எடுத்துக்கொண்டால், 58 பேர்க்கே சத்திரசிகிச்சை முயலப்பட்டது. 39 பேர்க்கே கட்டி அகற்றப்பட்டது. அவருள் 13 பேர் வைத்தியசாலையிலேயே இறந்தனர். வீடு திரும்பிய 26 பேரில் ஓராண்டு வாழ்ந்தோர் 18. ஐந்தாண்டு வாழ்ந்தோர் 4. நூற்றுக்கு நான்கு! கட்டியை முற்றாக எடுத்த பின்னும் நோய் ஏன் மீள்கின்றது என்னும் வினாவுக்குப் பலர் கூறிய விடை, கட்டி போயிற்று, கணுக்கள் எஞ்சின என்பதே.

அவ்விடையை மிக உறுதியாகப் பற்றியவர் யப்பானியர். தோக்கியோவின் அக்கியாமாவும் பிறரும் கணுக்களை ஒவ்வொன்றாக வகுத்து, இலக்கமிட்டு, எங்கே தோன்றிய புற்று எந்தக் கணுவுக்குச் செல்கின்றது என்று படம் வரைந்தனர். மார்பிற் புற்றுடையார் பலரின் கழுத்துக் கணுக்களில் நோய் மறைந்திருத்தலை அவர்கள் கண்டனர். அதன் பயனாக 1980 களில் முப்புல அகற்றல் எனத்தகும் முறை அங்கே பரவிற்று. மேல்வயிறு, மார்பு ஆகிய இரு புலத்துக் கணுக்களையும் எடுத்தல் இருபுல அகற்றல்; அவற்றோடு கழுத்தின் இருபுறத்துக் கணுக்களையும் எடுத்தல் முப்புல அகற்றல். மேனாட்டாருள் ஒரு சாரார் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றனர். அமெரிக்கரான ஓரிங்கர் 1978 இலிருந்து, மார்பைத் திறவாமலே, வயிற்றிலிருந்தும் கழுத்திலிருந்தும் கையைச் செலுத்தி உணவுக் குழாயை விடுவித்து எடுக்கும் முறையைப் பரப்பினார். இதில் மார்பின் மேற்பகுதிக் கணுக்கள் அங்கேயே விடப்படும். மார்பைத் திறவாமையால் நோயாளிக்குச் சுவாசத் துன்பங் குறைவு.

இவ்விரு முறைகட்கும் அடியிலே இரு வேறு கொள்கைகள் உள்ளன. கணுக்கள் கோட்டை வாயில்கள். நோய் அங்கே மறிக்கப்பட்டு நிற்கும்போதே வாயிலோடு அதனை அழித்தால் உடல் பிழைக்கும் என்பது ஒன்று. கணுவில் நோய் தோன்றுதல், அஃது ஏற்கெனவே உடலெங்கும் பரவிவிட்டது என்பதற்கு அடையாளமேயன்றிப் பரவுதற்கு வழியன்று. புகையை அகற்றுவதால் நெருப்பு அவியாது என்பது மற்றொன்று. மார்பகப் புற்றிலே இதே வழக்கு முன்னரே நிகழ்ந்தது. 1894 இல் கால்சுத்தெட்டு வகுத்த பேரகற்றல் முறை முக்கால் நூற்றாண்டளவு கோலோச்சியபின், பரிசோதனைகளின் முன்னே தளர்ந்து போயிற்று. உணவுக் குழாயிலும் அப்படியே ஆகும் எனச் சிலர் எதிர்பார்த்தனர். ஆயின் ஓருறுப்பிற் கண்டதைப் பிறிதோர் உறுப்புக்கு ஏற்றிக் கூறுதல் ஒப்புமை அனுமானமே. ஒப்புமை நிரூபணம் ஆகாது.

கணு அகற்றுதலால் வரும் தீங்கு யாதென அறியாமல் இவ்வழக்கின் எடை விளங்காது. மூளையினின்று இறங்கும் அலையு நரம்பிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் ஒரு கிளை உண்டு. நேரே குரல்வளைக்குச் செல்லாது, இடப்பக்கத்திற் பெருநாடியின் வில்லைச் சுற்றியும், வலப்பக்கத்திற் காறையெலும்பின் கீழுள்ள நாடியைச் சுற்றியும் இது மேலே திரும்பும். இந்நரம்பின் இருமருங்கிலும் உள்ள கணுக்களே செதிட்கலப் புற்று விரைந்து நாடும் இடங்களுட் சில. ஆகவே அவற்றைச் சுரண்டியெடுக்குங்கால் நரம்பு இழுபட்டாலோ சூடுபட்டாலோ குரல் கம்மும். விழுங்கும் நீர் வாதனாளிக்குட் புகும். இருமி வெளியேற்றும் வலி குறையும். சுவாசப்பையிற் சளி தேங்கிக் காய்ச்சல் உண்டாம். நெஞ்சறைக் கானில் வெட்டு விழுந்தாலோ பால்போன்ற நீர் மார்பறையில் நிறையும்; அதனுடன் உடலின் கொழுப்பும் புரதமும் நோயெதிர்க்கும் கலங்களும் நாடோறும் இழக்கப்படும். இவற்றையெல்லாம் அறிந்தும் கத்தியை எடுப்பவர்க்கு, இதனால் இன்ன பயன் உண்டென்னும் உறுதி வேண்டாவா?

அவ்வுறுதியைத் தேடிய ஆய்வுகளுள் ஒன்று ஒல்லாந்திலே அம்சுத்தடாமிலும் உரொத்தடாமிலும் நிகழ்ந்து 2002 இல் வெளிவந்தது. இரைப்பையை அடுத்த கீழ்ப்பகுதியிற் சுரப்பிக்கலப் புற்றுடையார் 220 பேரை எழுமாற்றாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மார்பைத் திறவா முறையையும், மறு பிரிவினர்க்கு மார்பைத் திறந்து கணுக்களை விரிவாக அகற்றும் முறையையும் கையாண்டனர். அகற்றிய கணுக்களின் சராசரி முதற் பிரிவில் 16, மற்றதில் 31. சுவாசப்பைச் சிக்கல்கள் முதற் பிரிவினருள் நூற்றுக்கு 27, மற்றதில் 57. ஐந்தாண்டு வாழ்ந்தோர், 2007 இல் வெளிவந்த முடிவின்படி, நூற்றுக்கு 34 உம் 36 உமே. மொத்தத்தில் வேறுபாடில்லை என்றே கொள்ளலாம்.

எனினும் அதே ஆய்விற் பிறிதொன்று காணப்பட்டது. கணுவில் நோயே இல்லாதவர்க்கு முறை எதுவாயினும் ஒன்றே. எட்டுக்கு மேற்பட்ட கணுக்களில் நோயுள்ளார்க்கும் அஃதே. ஒன்று முதல் எட்டு வரையான கணுக்களில் நோயுள்ளாரை மட்டும் பிரித்து நோக்கியபோது, நோயின்றி ஐந்தாண்டு வாழ்ந்தோர் சிறிது அகற்றிய பிரிவில் நூற்றுக்கு 23, விரிவாக அகற்றிய பிரிவில் 64. வியத்தகு வேறுபாடு! வாயிற்கொள்கையாளர் இதனைத் தம் கட்சிக்குச் சான்றாகக் கொண்டனர். ஆயின் அளவையியலார் இங்கே கைதூக்கி நிற்பர். நோயாளரைக் கணுவெண்ணிக்கையால் வகுப்பது சிகிச்சைக்கு முன் செய்யத்தக்கதன்று. கணுக்களை எடுத்துச் சோதித்த பின்னரே செய்யத்தக்கது. குறைவாக எடுத்தவிடத்துக் குறைவாகவே காணப்படும். அப்பிரிவிற் 'சில கணுக்களிலே நோயுள்ளார்' என்று எண்ணப்பட்டோருட் சிலர்க்கு, எடுக்கப்படாது உள்ளே எஞ்சிய கணுக்களிலும் நோய் இருந்திருக்கலாம். ஒரே பெயரிட்ட இரு தொகுதிகள் ஒரே பொருளினவாகா.

இப்பிழையை மாணவர்க்கு யான் விளக்கும் வகை இது. 'அ' வகுப்பிலே நால்வர் 50, 70, 80, 90 புள்ளிகள் பெற்றனர், சராசரி 72.5. 'ஆ' வகுப்பிலே மூவர் 20, 30, 40 பெற்றனர், சராசரி 30. ஐம்பது பெற்றவனை 'அ' விலிருந்து 'ஆ' வுக்கு மாற்றுக. 'அ' வின் சராசரி 80 ஆகின்றது. 'ஆ' வின் சராசரி 35 ஆகின்றது. இரண்டு வகுப்பும் முன்னேறின. எந்த மாணவனும் ஒரு புள்ளியேனுங் கூடப் பெற்றிலன்! நிறையக் கணுக்களை எடுத்துத் துருவிச் சோதிக்கும் வைத்தியசாலையில் இதுவே நிகழும். பிறவிடத்திற் 'கணுவில் நோயில்லை' என்று எண்ணப்பட்டிருக்கக் கூடிய ஒருவர் அங்கே 'நோயுண்டு' என்னும் பகுதிக்கு மாற்றப்படுவார். இரு பகுதியின் ஆயுட்சராசரியும் உயரும். ஒருவர் ஆயுளேனும் நீண்டதில்லை. பைன்சுத்தைனும் அவர் துணைவரும் 1985 இல் சுவாசப்பைப் புற்றிலே இம்மயக்கத்தை எடுத்துக்காட்டி, வில் உரொசேர்சு என்னும் அமெரிக்க நகைச்சுவையாளர் பெயரை அதற்கு இட்டனர். ஓர் ஊரார் மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தபோது இரண்டூரின் அறிவுமட்டமும் உயர்ந்தது என அவர் செய்ததாகக் கூறப்படும் பரிகாசமே இதற்குக் காரணம்.

பல நாட்டு நோயாளர் 4627 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2010 இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, கட்டி மேலோட்டமாயிற் 10 கணுக்களும், தசைக்குட் புகுந்ததாயின் 20 உம், அதனையுங் கடந்ததாயின் 30 உம் அகற்றுதல் நன்று என்றது. இவ்வெண்கள் பலரால் வேதவாக்காகக் கொள்ளப்பட்டன. ஆயினும் இவை எழுமாற்றுச் சோதனையின் விளைவல்ல. பதிவேட்டில் உடனிகழ்ந்தவற்றை நோக்கிப் பெற்றவை. மிகுதியான கணுக்களை எடுப்பவர் பெரும்பாலும் பழகிய கையினர். அவர் பணிபுரியும் இடத்துப் பராமரிப்பும் நன்றாயிருக்கும். நோயியலாளரும் பொறுமையோடு கொழுப்பினுட் கணுக்களைத் தேடுவார். நோயாளி பிழைத்தது கணுக்கள் போனமையாலா, இவற்றாலா? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். சுவீடனிலே 1044 பேரின் பதிவுகளை நோக்கி 2013 இல் வெளிவந்த ஆய்வோ, மிகுதியாக அகற்றியோர் மிகுதியாக வாழ்ந்திலர் என்றது. ஒரே வகையான சான்று, இரு வேறு தீர்ப்பு.

கழுத்துக் கணுக்கள் பற்றிய வழக்கிற்குச் சாங்காயிலே நிகழ்ந்த எழுமாற்றுச் சோதனை ஓரளவு விடை தந்தது. செதிட்கலப் புற்றுடையார் 400 பேரில் ஒரு பாதியினர்க்கு இருபுல அகற்றலும், மறுபாதியினர்க்கு முப்புல அகற்றலும் செய்யப்பட்டன. கழுத்தைத் திறந்தவருள் ஏறக்குறைய ஐந்திலொருவர்க்கு அங்கே நோய் இருந்தது. அவ்வாறிருந்தும், 2021 இல் வெளிவந்த முடிவின்படி ஐந்தாண்டு வாழ்ந்தோர் இரு பிரிவிலும் நூற்றுக்கு 63. ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குரல்வளை நரம்பருகேயுள்ள மார்பின் மேற்கணுக்கள் இரு பிரிவினர்க்கும் அகற்றப்பட்டன. ஆதலின் இச்சோதனை, கழுத்தையும் எப்போதும் திறக்கவேண்டும் என்னும் கட்சியை மறுத்ததேயன்றி, கணுக்களை விட்டுவிடலாம் என்று நிறுவியதன்று.

இதற்கிடையே சத்திரசிகிச்சைக்கு முன்னர் மருந்தும் கதிரும் கொடுக்கும் வழக்கம் வந்து இவ்விவாதத்தின் நிலத்தையே அசைத்துவிட்டது. குரோசு எனப்படும் ஒல்லாந்துச் சோதனையில் 366 பேர் ஆராயப்பட்டனர். வெறுஞ் சத்திரசிகிச்சை பெற்றாரின் ஆயுள் இடையம் 24 மாதம். மருந்தும் கதிரும் முன்னே பெற்றார்க்கு 49.4 மாதம். அகற்றிய கணுக்களில் நோயிருந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 75. மற்றதில் 31 மட்டுமே. கத்தி படுமுன்னரே பலரின் கணுக்களில் நோய் அவிந்துவிட்டது. செதிட்கலப் புற்றுடையாருள் நூற்றுக்கு 49 பேரின் உறுப்பிலே ஒரு புற்றுக் கலந்தானும் எஞ்சவில்லை. இந்நோயாளரையே மீண்டும் ஆராய்ந்து 2014 இல் எழுதியோர் கூறியது எம் வினாவுக்கு மிக அணுக்கமானது. வெறுஞ் சத்திரசிகிச்சை பெற்றாரில், அகற்றிய கணுக்கள் மிக மிக ஆயுளும் மிகுந்து காணப்பட்டது. மருந்தும் கதிரும் பெற்றாரில் அத்தொடர்பு காணப்படவில்லை.

ஆகவே ஒருவர்க்கு எத்தனை கணுக்கள் எடுக்க வேண்டும் என்னும் வினாவை, அவர்க்கு முன்னே என்ன சிகிச்சை நடந்தது என்னும் வினாவினின்று பிரித்தல் இயலாது. புற்றின் வகையையும் நோக்குதல் வேண்டும். நம் நாட்டிற் பெரிதும் காண்பது செதிட்கலப் புற்று. புகையிலை, மது, புகையிலையோடு கூடிய வெற்றிலை ஆகியவற்றோடு தொடர்புடையது. மேனாடுகளிற் பெருகியிருப்பதோ நெஞ்செரிவு நோயின் தொடர்பாகக் கீழ்ப்பகுதியில் எழும் சுரப்பிக்கலப் புற்று. இப்பின்னையதற்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையே குரோசு முறையினும் நல்லது எனச் சேர்மானியச் சோதனையொன்று அண்மையிற் காட்டியது. ஓரிடத்தின் எண்ணை மற்றோரிடத்திற்குக் கண்மூடி எடுத்தாளுதல் தகாது. 2025 இல் வெளிவந்த மற்றோர் ஒல்லாந்துச் சோதனையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. மருந்துக்கும் கதிருக்கும் பின் நோய்க்குறி யாதுங் காணப்படாத 309 பேரில் ஒரு பிரிவினரை உடனே வெட்டாது அடிக்கடி சோதித்து வந்தனர். ஈராண்டு வாழ்ந்தோர் அப்பிரிவில் நூற்றுக்கு 74. வெட்டப்பட்ட பிரிவில் 71. அன்னோருட் பலர்க்குக் கணுக்களேயன்றி உணவுக் குழாயே மிஞ்சியது. எனினும் ஈராண்டு நீண்ட காலமன்று. நோய் மீண்டவர்க்குப் பின்னர்ச் சத்திரசிகிச்சை வேண்டியேயிருந்தது.

இத்துணையும் படித்தபின் ஒரு விடுமுறையில் மாமனாரிடஞ் சென்றேன். முற்றத்து மாமர நிழலில் அமர்ந்து கஞ்சியைக் கரண்டியால் மெல்ல அருந்திக்கொண்டிருந்தார். இரைப்பை மார்புக்கு ஏறிவிட்டமையால் இப்போது ஒரே வேளையில் நிறைய உண்ண இயலாது. நாளுக்கு ஆறு முறை சிறிது சிறிதாக உண்பார். சத்திரசிகிச்சையின் பின் நான்கு மாதம் கம்மியிருந்த குரல் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அந்த இருபத்தைந்து கணுக்களையும் பற்றிச் சொன்னேன். நோயுள்ளது எது, நோயில்லாதது எது எனச் சத்திரவைத்தியரின் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது; பருத்த கணு வெறும் அழற்சியாயிருத்தலும், கடுகளவு கணு நோய் கொண்டிருத்தலும் உண்டு; 27 ஐயும் எடுத்து, மெழுகிலிட்டுச் சீவி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்த பின்னரே அவ்விரண்டு எவை என்று தெரிந்தது என்றேன். எல்லாவற்றையும் எடுத்ததால் அவர் ஆயுள் நீண்டதென்று என்னால் உறுதி கூற இயலாது என்பதையும் ஒளிக்கவில்லை. முன்னே கதிர் பெற்றவர்க்கு அது நிறுவப்படவில்லை என்றேன்.

அவர் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். மாமி அதைப் பஞ்சாங்கத்தினுள் மடித்து வைத்திருந்தார். இடப்பக்கக் குரல்வளை நரம்பருகே எடுத்தவை எத்தனை என்று மாமனார் கேட்டார். பார்த்தேன், 4. நான்கிலும் நோயில்லை. "அப்ப என்ர குரல் போனது அந்த நாலுக்காகத்தான்" என்றார். ஆம் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், நோயிருந்த இரண்டும் எங்கே கிடந்தவை என்று வினவினார். ஒன்று இரைப்பையின் மேலருகில். மற்றது வலப்பக்க நரம்பின் அருகில், அந்த நான்கிற்கும் நேரெதிரே, இரண்டு விரல் தூரத்தில்.